இனத்துக்கு ஒரு பிள்ளை

தினுஷாவின் கையில் குச்சி இல்லை என்பதைச் சந்திரகாந்தா விரலால் தடவித்தான் கண்டுபிடித்தாள்.

கொடமலைத் தோட்டத்தில் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை கிளினிக். வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் தொட்டில்களை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, தராசைக் கூரை மரத்தில் தொங்கவிட்டுப் பிள்ளைகளை நிறுப்பார்கள். தினுஷா தன் இரண்டாவது மகளைத் தூக்கி வந்திருந்தாள். பிள்ளையைக் கைமாற்றி வாங்கும்போது சந்திரகாந்தாவின் விரல்கள் அவளுடைய இடது மேற்கையில் பட்டன. தோலுக்கு அடியில் தீக்குச்சி மாதிரி இரண்டு தட்டுப்பட வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. சின்னத் தழும்பு ஒன்று மட்டும் இருந்தது.

அந்தக் கருத்தடைக் குச்சிகளை வைப்பதற்கு ஒன்றரை வருஷத்துக்கு முன் அவளைக் கையோடு கூட்டிப்போனவளே சந்திரகாந்தாதான். அந்தப் பக்கத்து மூன்று தோட்டங்களுக்கும் பதினெட்டு வருஷமாக அவள்தான் மிட்வைஃப். இரண்டாவது பிரசவத்தில் தினுஷாவுக்குப் பிரஷர் ஏறி, வலிப்பு வந்து, இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தாள். இன்னொரு பிள்ளை இப்போதைக்கு வேண்டவே வேண்டாம், வேண்டுமென்றால் பெரிய டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் என்று அவளுடைய கிளினிக் அட்டையில் சிவப்பு மையால் எழுதியிருந்தார்கள்.

"குச்சி எங்க?"

"எடுத்துட்டோம் மிஸ்."

"யாரு எடுத்தது?"

"டவுன்ல ஒரு டிஸ்பென்சரில. அவருதான் கூட்டிட்டுப் போனாரு." தினுஷா தரையைப் பார்த்தாள். சந்திரகாந்தா அவள் வயிற்றைப் பார்த்தாள்.

"எத்தன மாசம்?"

"நாலு முடிஞ்சிருச்சு."

அதற்குப் பிறகு சந்திரகாந்தா பேசியது காம்பராவுக்கு வெளியே கொழுந்து நிறுக்கிற இடம் வரைக்கும் கேட்டது. "அறிவிருக்கா ஒனக்கு? செத்துப் பொழச்சது மறந்து போச்சா? இருக்கிற ரெண்டையும் யாரு கையில குடுத்துட்டுப் போகப் போற? சொன்னா வெளங்காத சென்மமா நீ?" வரிசையில் நின்ற பன்னிரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். தினுஷா பிள்ளையைத் தராசிலிருந்து தானே இறக்கி, சட்டையைப் போட்டுவிட்டு, அட்டையைக்கூட வாங்காமல் இறங்கிப் போனாள்.

அன்று சாயங்காலமே சந்திரகாந்தா, தினுஷா குடியிருக்கிற கீழ் லயத்து வரிசை வீட்டுக்குப் போனாள். தினுஷாவின் புருஷன் வினோஜன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். நாலந்தாவுக்குப் போகிற ரோட்டில் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில், வெள்ளைக்காரர்களுக்குக் கராம்பையும் சாதிக்காயையும் காட்டி விளக்குகிற வேலை அவனுக்கு. நாலு பாஷையும் கொஞ்சம் கொஞ்சம் வரும். மரியாதையான பையன். கோபத்தை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"ஏன்டா தம்பி இப்படிப் பண்ணுன?"

அவன் உள்ளே போய் ஒரு மடித்த நோட்டீசை எடுத்து வந்து நீட்டினான். மேலே கொட்டை எழுத்தில்: 'வீட்டுக்கு இரண்டு பிள்ளை, இனத்துக்கு ஒரு பிள்ளை.' கீழே ஒரு படம். மலையகத்துத் தமிழர் தொகை அந்தக் காலத்தில் எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று இரண்டு கட்டங்கள். ஒன்று ஆளுயரம், இன்னொன்று முழங்கால் உயரம். ஊசியாலும் குச்சியாலும் நம் இனத்தை வேரறுக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. மூன்றாவது பிள்ளை பெறுகிற தாய்க்குப் பொன்னாடையும் தேக்குத் தொட்டிலும். இனநல மன்றம், மாத்தளை. தலைவர் இராஜசிங்கம்.

"இது நெசந்தானங்க மிஸ்? நம்ம ஆளுங்க கொறஞ்சுதானே போயிட்டாங்க?"

"கொறஞ்சுதான் போச்சு. ஏன் கொறஞ்சுச்சுன்னு இதுல எழுதியிருக்கா? லெச்சக்கணக்கான பேரக் கப்பல்ல ஏத்தி இந்தியாவுக்கு அனுப்புனாங்களே, அது எங்க இதுல? ஒன் சித்தப்பா குடும்பம் எங்க இருக்கு?"

"கோத்தகிரில."

"ஒன் தங்கச்சி?"

"குவைத்ல."

"ஒன் கூடப் படிச்சவனுங்க?"

"கொழும்புல, கடையில."

"அவங்கள்ளாம் பொறக்காமலா போனாங்க? கணக்கெடுக்க வந்தப்ப இந்தியத் தமிழன்னு சொல்லப் பிடிக்காம இலங்கைத் தமிழன்னு பதிஞ்சவங்க எத்தன பேரு? ஒங்கப்பா எப்படிப் பதிஞ்சாரு? எல்லாத்தயும் கொண்டாந்து இந்தப் புள்ள வயித்துல கட்டுறீங்களே!"

வினோஜன் நோட்டீசைத் திரும்ப மடித்தான். "அய்யா படிச்சவருங்க மிஸ். என்னய மேடையில ஏத்திப் பேரு சொல்லிக் கூப்புட்டாரு. தோட்டத்துலருந்து மொதக் குடும்பம்னு கைதட்டுனாங்க."

அவன் அம்மா நல்லம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆம்பளப் புள்ள ஒண்ணு வேணாமா?" என்றாள். தினுஷா வெளியே வரவே இல்லை.

மிட்வைஃப்களின் மாதக் கூட்டத்தில் சந்திரகாந்தா இதைச் சொன்னபோது, பல்லேபொலப் பக்கத்து முஸ்லிம் மிட்வைஃப் ஸஜீதா சிரிக்காத சிரிப்பு ஒன்று சிரித்தாள். "எங்கட பக்கம் வந்து பாருங்களே மிஸ். நாங்க பெத்துத் தள்ளி நாட்டைப் புடிக்கப் போறோமாம். பஸ்ஸுல ஏறினா என்ட காதுபடப் பேசுறாங்க. அதைக் கேட்டுட்டு எங்கட ஆக்கள், அப்ப நம்மள மொடக்கத்தான் இந்த ஊசியெல்லாம்னு பிள்ளைகளக் கிளினிக்குக்கே கொண்டு வாறாங்க இல்ல." வஹகோட்டைப் பக்கத்திலிருந்து வந்திருந்த சிங்கள மிட்வைஃப் தன் கிராமத்திலும் இதே கதைதான் என்றாள், அங்கே அழியப்போவது சிங்களவர்களாம்.

மூவரும் தங்கள் பிறப்புப் புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பத்து வருஷத்துக்கு முன் ஒரு வருஷத்துக்கு இரண்டு பக்கம் நிரம்பிய இடத்தில் மூன்றிலும் இப்போது ஒரு பக்கம் நிரம்பவில்லை. மூன்று இனமும் ஒரே மாதிரி குறைவாகப் பெறுகிறது, மூன்று இனமும் மற்ற இரண்டைப் பார்த்துப் பயப்படுகிறது. இந்தப் புத்தகத்தை ஒருவனாவது வந்து பார்த்தானா என்று சந்திரகாந்தாவுக்கு ஆத்திரமாக வந்தது. மேலதிகாரியிடம் சொன்னாள். "அது அரசியல். நாம தலையப் போட வேணாம்" என்றார் அவர்.

அடுத்த இரண்டு கிளினிக்குக்கும் தினுஷா வரவில்லை. சந்திரகாந்தா வீட்டுக்கு இரண்டு தடவை போனாள். இரண்டு தடவையும் நல்லம்மா வாசலில் நின்றே, "அவ ஆத்தா வீட்டுக்கு நாலந்தாவுக்குப் போயிட்டா" என்றாள். நாலந்தாப் பக்கத்து மிட்வைஃபுக்குப் போன் செய்தாள். அப்படி யாரும் பதியவில்லை என்றாள் அவள். மூன்றாவது தடவை போக வேண்டிய கிழமையில் வேறொரு தோட்டத்தில் பிரசவம் ஒன்று சிக்கலாகிவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு வினோஜனின் போன் வந்தது. அவன் பேசவில்லை, கத்தினான். "மிஸ், கை காலெல்லாம் இழுக்குதுங்க, வாயில நொர தள்ளுதுங்க!" ஆட்டோவில் மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து அம்புலன்ஸில் கண்டிக்கு ஏற்றினார்கள். ஏழாம் மாதத்தில் வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளை பெண். மறுநாள் மத்தியானம் இறந்தது. தினுஷா அவசர சிகிச்சை வார்டில் குழாய்களுக்கு நடுவே கிடந்தாள். ஐந்தாம் நாள் கண் திறந்தாள்.

சந்திரகாந்தா அந்த ஐந்து நாளும் வேலைக்குப் போனாள், வந்தாள், சோறாக்கினாள். மகன் பிரதீஷ் ஏதாவது கேட்டால் எரிந்து விழுந்தாள். ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, ஒரு பிரசவ வீட்டைப் பார்த்துவிட்டுச் சீருடையோடு திரும்பிக்கொண்டிருந்தாள். தோட்டத்துச் சந்தியில், பஸ் நிற்கிற இடத்தில், புதுப் போஸ்டர் ஒன்று ஒட்டியிருந்தது. கறுப்புக் கரை போட்டு, நடுவில் ஒரு மெழுகுவர்த்தி. 'எம் இனம் இழந்த இளந்தளிருக்குக் கண்ணீர் அஞ்சலி. இன்று மாலை நான்கு மணிக்கு மன்றக் கூட்டம்.'

பிள்ளைக்குப் பெயர்கூட வைக்கவில்லை. தாய் இன்னும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அவள் பெயர் அதில் எங்கேயும் இல்லை. சந்திரகாந்தா நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பசை காய்ந்து போயிருந்தது. அப்படியே மாத்தளைக்குப் போகிற அடுத்த பஸ்ஸில் ஏறினாள்.

கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். முன் வரிசையில் வினோஜன். அவன் தோளில் ஒரு வெள்ளைச் சால்வையைப் போர்த்தியிருந்தார்கள். மேடையில் இராஜசிங்கம் பேசிக்கொண்டிருந்தார். மாவட்ட நிர்வாக அலுவலகமான கச்சேரியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், வடக்கிலிருந்து வேலைக்கு வந்து மாத்தளையிலேயே தங்கிவிட்டவர், நெட்டையான மனிதர். எண்பத்து மூன்று கலவரத்தில் அவர் வீடு எரிந்ததையும், உடுத்த வேட்டியோடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு ஓடியதையும் டவுனில் எல்லோரும் அறிவார்கள். அவர் குரல் நடுங்கியது. நடிப்பென்று சொல்ல முடியாது.

"தொகை குறைஞ்ச இனத்தை ஒருத்தரும் மதிக்க மாட்டினம். அது எனக்குத் தெரியும், நான் பட்டவன். இந்தத் தம்பி செய்த தியாகத்துக்கு எல்லாரும் இரண்டு நிமிஷம் எழும்பி நில்லுங்கோ."

எல்லோரும் எழுந்தார்கள். அந்த அமைதியில் சந்திரகாந்தா நடு வழியால் முன்னுக்கு நடந்து போனாள்.

"தியாகம் யாரு பண்ணுனது ஐயா?"

இராஜசிங்கம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "ஆர் பிள்ளை நீங்கள்?"

"கொடமலை மிட்வைஃப். தினுஷாவோட மிட்வைஃப். தினுஷான்னு ஒருத்தி இருக்கா, தெரியுமா ஒங்களுக்கு? அவ பேரு ஒங்க போஸ்டர்ல இல்ல. அவதான் வலிப்பு வந்து நாக்கக் கடிச்சிக்கிட்டுக் கெடந்தா. அவதான் வயித்தக் கிழிச்சிக்கிட்டுப் படுத்திருக்கா. இவன் சால்வ போத்திக்கிட்டு ஒக்காந்திருக்கான்."

"அம்மா, உணர்ச்சிவசப்படாதேங்கோ."

"இருவத்தேழு வயசு. மூணாவது வேண்டவே வேண்டாம்னு செவப்பு மையில எழுதியிருந்துச்சு. அந்த அட்டையப் பாத்தீங்களா? கேட்டீங்களா? தொட்டில் தர்றோம்னு நோட்டீஸ் அடிக்கத் தெரிஞ்சிச்சு, வீட்டுல என்ன நோய் வருத்தம்னு கேக்கத் தெரியலியா?"

கூட்டத்தில் ஒருவன் எழுந்து, "நீங்க கவர்மெண்ட் ஆளு, அப்படித்தான் பேசுவீங்க" என்று கத்தினான். இராஜசிங்கம் கையமர்த்தினார். ஆனால் அவருக்கும் அது ஒரு பிடியாக இருந்தது.

"கோபப்படாமல் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கோ. தோட்டத்துப் பெண்களை லொறியில ஏத்திக்கொண்டு போய், சொல்லாமல் கொள்ளாமல் ஒப்பரேசன் செய்தது உங்கட ஆக்களோ இல்லையோ?"

சந்திரகாந்தா படித்த படிப்புக்கும் போட்டிருந்த வெள்ளைச் சீருடைக்கும், பதினெட்டு வருஷமாக அவள் லயம் லயமாகப் போய்ச் சொன்ன வார்த்தைகளுக்கும், இந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்வதுதான் லேசு.

"செஞ்சாங்க" என்றாள். "எங்கம்மாவுக்குச் செஞ்சாங்க. நான் ரெண்டாவது. ஊசின்னு சொல்லி லொறியில ஏத்துனாங்க. மயக்கம் தெளிஞ்சப்ப ஒரு சேலையக் குடுத்து அனுப்பிட்டாங்க. மூணாவது ஒண்ணு வேணும்னு ஆசப்பட்டுக்கிட்டே இருந்துச்சு எங்கம்மா. எட்டு வருஷம் கழிச்சுத்தான் என்ன பண்ணுனாங்கன்னே அதுக்குத் தெரியும். அதக் கேட்டுட்டுத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். இனி ஒருத்திக்கும் கேக்காமச் செய்யக் கூடாதுன்னு வந்தேன்." மேடைக்கு இன்னும் ஓரடி நெருங்கினாள். "அவங்க கேக்காம நிப்பாட்டுனாங்க. நீங்க கேக்காமப் பெக்க வச்சீங்க. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்க! அவங்க லொறியில ஏத்துனாங்க, நீங்க மேடையில ஏத்துறீங்க."

அவள் விடவில்லை.

"ஐயாவுக்கு எத்தன பேரப்புள்ளைங்க?"

இராஜசிங்கம் தாளை அடுக்கினார். "அது இங்க தேவையில்லாத கதை."

பெண்கள் பக்கத்திலிருந்து வேறொரு குரல் வந்தது. தலைவரின் மனைவி சரோஜினிதேவி. டவுனில் பல வருஷம் கணக்குப் படிப்பித்த ரீச்சர். அவர் எழும்பவில்லை, கைப்பையை மடியில் வைத்தபடியே சொன்னார். "ஒண்டு. மகள் வாகினிக்கு, கனடாவில. மகன் ஜெயந்தனுக்குப் பிள்ளையில்லை, வேண்டாமெண்டு இருக்கினம். வாகினி ஒண்டு காணும் அப்பா, இன்னொண்டு வேண்டாமெண்டு சொன்னவ. இவரும் காணும் எண்டுதான் சொன்னவர்."

யாரோ சிரித்தார்கள், உடனே நிறுத்திக்கொண்டார்கள். இராஜசிங்கம் மனைவியைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. வினோஜன் சால்வையை எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனான்.

மறுவாரம் சந்திரகாந்தா மேல் முறைப்பாடு போனது. சீருடையோடு பொதுக்கூட்டத்தில் புகுந்து குழப்பம் விளைவித்தாளாம். விசாரணையில் மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள். அவள் தாளை வாங்கி, தினுஷாவின் அட்டையில் இருந்ததை அப்படியே திகதியோடு எடுத்தெழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. மன்றம் நிற்கவில்லை. ஆனால் நோட்டீசில் தொட்டில் காணாமல் போனது. சரோஜினிதேவி ரீச்சர் கூட்டங்களுக்குப் போவதில்லை என்று ஸஜீதா சொன்னாள்.

நாற்பது நாள் கழித்துச் சந்திரகாந்தா கீழ் லயத்துக்குப் போனாள். தினுஷா வாசலில் சாக்கை விரித்து மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மெலிந்துபோயிருந்தாள். நல்லம்மா மிஸ்ஸைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள்.

"ஒக்காருங்க மிஸ்" என்று தினுஷா ஸ்டூலைக் காட்டினாள். பிறகு மிளகைக் கையால் பரப்பியபடியே சொன்னாள். "எல்லாரும் அவரத் திட்டுறாங்க. அந்த அய்யாவத் திட்டுறாங்க. எனக்கு மொதக் கோவம் ஒங்க மேலதான்."

சந்திரகாந்தா ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அத்தன பொம்பளைங்க முன்னாடி சென்மம்னு சொன்னீங்க. அவரு குச்சிய எடுக்கச் சொன்னப்ப நான் வேணாம்னு ரெண்டு நாள் அழுதேன். அது ஒங்களுக்குத் தெரியுமா? கேட்டீங்களா? நீங்க தேடி வந்தப்ப ரெண்டு தடவயும் வீட்டுக்குள்ளதான் இருந்தேன். கதவுக்குப் பின்னாடி. ரெண்டாவது தடவ தலவலி ஆரம்பிச்சிருச்சு. கண்ணு மங்கலா இருந்துச்சு. வெளிய வந்தா நீங்க ஏசுவீங்கன்னு வரல."

மண்டபத்தில் நூறு பேருக்கு முன்னால் யாரும் கேட்கவில்லை, கேட்கவில்லை என்று கத்தியவள் இப்போது தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் இதுவரை யார் யார் மேலேயோ பட்ட கோபம் அத்தனையும் திரும்பி நெஞ்சிலேயே நின்றது. உன் நல்லதுக்குத்தானே ஏசினேன் என்று சொல்லலாம். லொறியில் ஏற்றியவனும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

"தப்புதான்" என்றாள். "மன்னிச்சுக்க."

தினுஷா மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஈர மிளகைத் தனியாக ஒதுக்கினாள். "இப்ப என்னென்ன இருக்கு, எல்லாத்தயும் சொல்லுங்க" என்றாள். "எது எத்தன வருஷம், எதுல என்ன கஷ்டம், ஒண்ணுமே வேணாம்னா என்ன ஆகும். நான் யோசிக்கணும். அவருகிட்டயும் நானே பேசிக்கிறேன்."

சந்திரகாந்தா சொன்னாள். குச்சி, ஊசி, மாத்திரை, வளையம், ஒப்பரேசன், புருஷனுக்குச் செய்கிறது, ஒவ்வொன்றாக. பதினெட்டு வருஷத்தில் ஆயிரம் தடவை சொன்னதுதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் இதைப் போட்டுக்கொள் என்று முடித்தே பழகியிருந்தாள். இப்போதும் அது நாக்கு நுனிவரை வந்தது. நாளைக்கே வா, நானே கூட்டிப்போகிறேன், இன்னொரு தடவை உன்னால் தாங்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினாள்.

"சரி. ரெண்டு நாள் கழிச்சு வந்து பாக்குறேன்" என்று, அவள் கிளினிக்கில் விட்டுப்போன அட்டையைக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"நீங்க வர வேணாம் மிஸ். நானே வர்றேன்."

இரண்டாம் நாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாளும் வரவில்லை. சந்திரகாந்தாவின் கால் இரண்டு தடவை கீழ் லயத்துப் பாதைக்குத் திரும்பியது. இரண்டு தடவையும் திருப்பிக்கொண்டாள். ஐந்தாம் நாள் பகல், சந்திரகாந்தா இருந்த டவுன் கிளினிக் மூடுகிற நேரத்துக்குத் தினுஷா தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் அட்டை இருந்தது. எது வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டு வந்திருந்தாள்.